கவிழ்த்து வைத்த தூக்குச்சட்டி

மட்டாஞ்சேரி
29 மார்ச் 2025, சனி

அன்புள்ள மஞ்சுவுக்கு,

கற்பகம் அத்தை எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன் போனுக்கு அடித்தால் இரண்டு மணி அடித்து நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து அடித்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் தபால். திருப்பூர் முகவரியைச் சபை மூப்பர் ராசப்பனிடம் வாங்கினேன். போலீஸ் காகிதத்தில் நீ எழுதிக் கொடுத்தது அவரிடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் அடக்கம் முடிந்ததும் நீயும் உன் புருஷன் சிஜுவும் ஒரு வாய் சாயாகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். ஐந்து மாத வயிற்றோடு அவ்வளவு தூரம் வண்டியில் வந்து, நின்ற காலோடு திரும்பிப் போனாய். உனக்கு ஒன்பது வயதில் அம்மா போன பிறகு ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளிக்கு உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாய். அது உன் இஷ்டம்.

காரியத்துக்கு வருகிறேன். உடைத்த கதவுக்கு வீட்டுக்காரர் கொண்டி அடித்துப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார். சாவி என்னிடம் இருக்கிறது. அப்பாவின் கட்டில், இரும்புப் பெட்டி, சுவரில் உன் பத்தாம் வகுப்புப் படம், எல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன. ஏப்ரல் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம்.

இன்னொன்று. உன் அப்பா பிச்சை அண்ணன் உபவாசத்திலும் ஜெபத்திலும் கர்த்தரிடம் போனார் என்று அடக்கத்தில் போதகர் சொன்னதைக் கேட்டாய் அல்லவா. சபையில் அதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முப்பத்தெட்டுக் குடும்பம் உள்ள சின்னச் சபை, இப்படி ஒரு சாவு இதுவரை நடந்ததில்லை. லெந்து நாட்களில் நாம் வீடு வீடாகக் கொடுக்கிற கஞ்சிக்கு இனி அவர் பெயரையே வைப்பது என்று மூப்பர் சங்கம் தீர்மானித்திருக்கிறது. பெரிய வெள்ளியன்று ஆராதனையில் அறிவிப்பு. நீ வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று மூப்பர் எழுதச் சொன்னார்.

வருவாயா? உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கற்பகம் அத்தை


திருப்பூர்
4 ஏப்ரல் 2025

கற்பகம் அத்தைக்கு,

எனக்குத் தமிழ் எழுத்து மலையாளம் மாதிரி ஓடாது. உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பதால் தமிழில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

பெரிய வெள்ளிக்கு வர மாட்டேன். யார் பெயரை எதற்கு வேண்டுமானாலும் வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை ஒவ்வொரு வரியாகச் சிஜுவிடம் வாசிக்கச் சொன்னேன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. வயிற்றில் ஆகாரம் இல்லை. உயிர் போனது வெள்ளி இரவோ சனி விடியற்காலையோ. அடைப்பு வந்து இரண்டு நாளாவது கிடந்திருப்பார் என்று அந்த டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். "சமயத்து ஆரெங்கிலும் வாதில் தொறந்நிருந்நெங்கில்", யாராவது கதவைத் திறந்திருந்தால் என்று மலையாளத்தில் ஆரம்பித்தவர், என் வயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த யாராவது நீங்கள்தானே அத்தை. திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் கஞ்சி கொண்டு போகிறவர் நீங்கள். பக்கத்து அறையில் இருந்த வங்காளிகள் ரம்ஜான் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று போலீஸ்காரர் சொன்னார். அப்படியென்றால் அந்த வாரம் அந்த மாடிப்படி ஏறிய ஒரே ஆள் நீங்கள். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள் ஏறியிருக்கிறீர்கள். ஏன் கதவைத் தட்டவில்லை?

இரண்டு கேள்வி கேட்கிறேன். அப்பா உபவாசம் இருப்பதாக யாரிடமாவது சொன்னாரா? எதற்காக இருக்கிறார் என்று சொன்னாரா? இதற்கு மட்டும் பதில் போதும். தலை பின்னிவிட்ட கதை வேண்டாம்.

மஞ்சுஷா


மட்டாஞ்சேரி
8 ஏப்ரல் 2025

மஞ்சு,

உன் கடிதத்தைக் கிடங்கில் வைத்து வாசித்தேன். சுக்கு தரம் பிரிக்கிற முறத்தை இறக்கி வைத்துவிட்டு, இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

ஏன் தட்டவில்லை என்று கேட்டாய். சின்ன வயதில் பார்த்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். லெந்தின் நாற்பது நாளும் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியே போடுகிறோம். அது ஞாயிறன்று கோயிலுக்கு வருகிறது. அதில்தான் கஞ்சி. சமைக்க முடியாத வயசாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் பெண்கள் ஐக்கியத்தில் ஆளுக்கு ஒரு தெருவாகக் கொண்டு போகிறோம். என் பங்கு ஏழு வீடு. அவரவர் தூக்குச்சட்டியைச் சன்னல் படியில் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். கஞ்சியும் பயறும் ஊற்றிவிட்டு, உள்ளே குரல் கொடுத்துவிட்டு வருவோம். சட்டி கவிழ்ந்திருந்தால் அன்று அவர் உபவாசம். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, பிறகு கேட்கவும் கூடாது. உபவாசம் என்பது ஒருவருக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ள விஷயம். நான் ஞானஸ்நானம் எடுத்து இந்தச் சபைக்கு வந்த முதல் லெந்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் இது. ஒரு தடவை தெரியாமல் தட்டிவிட்டு மூப்பர் வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன் அப்பாவின் சட்டி மூன்று நாளும் கவிழ்ந்திருந்தது. நான் தட்டவில்லை. இதுதான் நடந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இருந்தால் அது உபவாசமே இல்லை. எதற்காக என்று கேட்கிறாய். ஒரு தகப்பன் வேறு யாருக்காகக் கிடப்பான், பெற்ற பிள்ளைக்காகத்தான். அப்படி நினைத்து மனதைத் தேற்றிக்கொள்.

நானும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் நான் தட்டவில்லை. நீ பதினான்கு மாதம் வரவில்லையே. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் முடிந்த கையோடு போனவள், அடக்கத்துக்குத்தான் வந்தாய். லெந்து பிறந்த புதன்கிழமைக்குப் பிறகு உன்னிடமிருந்து போனே இல்லை என்று அவர் போனைப் பார்த்த போலீஸ்காரர் எனக்கும் சொன்னார். கஞ்சி கொண்டு போனவள் மேல் மட்டும் குற்றம் என்றால், குற்றவாளிக் கூண்டில் இடம் நிறைய இருக்கிறது.

எழுதிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை. வேறு தாளும் இல்லை. பொறுத்துக்கொள்.

பெரிய வெள்ளியன்று அவர் உபவாசத்தைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். கடைசியாகப் பார்த்தவள் நான்தானே. இருபது வருஷம் கோயில் பெருக்கியிருக்கிறேன், முன்னால் நின்று பேசு என்று ஒருவரும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு வெள்ளைச் சேலைகூட எடுத்துத் தருகிறார்கள்.

அத்தை


திருப்பூர்
11 ஏப்ரல் 2025

அத்தை,

பதில் கிடைத்தது. நீங்கள் கேட்டது நியாயம். போன் செய்யாததற்குக் காரணம் சொல்கிறேன். சிஜுவிடம்கூடச் சொல்லவில்லை. இதை வாசித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

லெந்து பிறந்த புதன்கிழமை இரவு நான்தான் அடித்தேன். குழந்தை வரப் போகிறது என்று அன்றைக்குத்தான் அவரிடம் முதலில் சொன்னேன். பிரசவத்துக்கு என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் சொன்னார்: "கோயிலு வேண்டாம், சபை வேண்டாம்னு போனவளுக்கு இப்ப அப்பன் எதுக்கு? நீ செஞ்ச காரியத்துக்கு நான் இந்த லெந்து முழுக்கப் பட்டினி கெடந்துல்லா மன்னிப்பு கேக்கணும்." "அப்ப கெடங்க. பட்டினி கெடந்து சாவுங்க. எனக்கென்ன" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவரும் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. அவர் முதலில் அடிக்கட்டும் என்று பதினெட்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மூப்பர் அடித்தார்.

வயிற்றில் ஆகாரம் இல்லை என்ற வரி வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும், அப்படி இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். அவர் வேறு எதற்காவது, தன் மூட்டுவலிக்காகவாவது, உபவாசம் இருந்தார் என்று எழுதியிருந்தால்கூட நம்பியிருப்பேன். பெற்ற பிள்ளைக்காகத்தான் என்று எழுதிவிட்டீர்கள். மனதைத் தேற்றிக்கொள் என்று வேறு.

எனக்குச் சோறு இறங்கவில்லை அத்தை. வேண்டுமென்று இல்லை. வாயில் வைத்ததும் அந்த வார்த்தை வருகிறது. கம்பெனியில் மதியம் டப்பாவைத் திறந்து மூடுகிறேன். இரண்டு தடவை தையல் மிஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தேன். குழந்தையின் எடை ஏறவில்லை, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று ஸ்கேன் எடுத்த டாக்டர் திட்டினார். சிஜு கப்பைக் கிழங்கு வேகவைத்து, மீன் குழம்பு வைத்து, தட்டோடு பின்னால் நடக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆளைக் கொன்ற வாயில் என்னத்தைப் போடுவது.

நீங்கள் கதவைத் தட்டாதது தப்பு என்று எழுதினேன். அதை விட்டுவிடுங்கள். அவர் செத்தால் எனக்கென்ன என்று சொன்னவள் நான்.

சாட்சி சொல்லுங்கள். நன்றாகச் சொல்லுங்கள்.

மஞ்சுஷா


மட்டாஞ்சேரி
15 ஏப்ரல் 2025, செவ்வாய்

மஞ்சு, மோளே,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நேற்று விடுமுறை, தபால் இன்றைக்குத்தான் வந்தது. கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் எழுத மாட்டேன். முதலில் இதை வாசி: உன் அப்பா உபவாசம் இருக்கவில்லை. ஒரு நாளும், ஒரு வேளையும் இருக்கவில்லை. அந்தச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது நான்.

மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மரத்த மாதிரி இருக்கிறது, கரண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றார். சுமட்டுக்காரன் கை, வெலிங்டன் தீவுக் கிடங்குகளில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியது, வலி வராமல் இருக்குமா என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. தைலம் தேய்க்கச் சொன்னேன். நானே பக்கத்தில் இருந்து ஊட்டிவிட்டேன்.

நீ போனில் சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே. "எம் மவ என்னைப் பட்டினி கெடந்து சாவச் சொல்லியிருக்கா. அதனால நீ ரெண்டு கரண்டி கூட ஊத்து கற்பகம். அவ வாக்கு பலிக்கப்பிடாது பாரு." கூட ஊற்றினேன். பப்படத்தை நொறுக்கிப் போட்டு அத்தனையும் சாப்பிட்டார். லெந்து தொடங்கிய நாளிலிருந்தே அவர் அப்படித்தான், மற்ற வீட்டைவிட அவருக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடுதல்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. "பிள்ளை வாய் தவறிச் சொல்லிச்சு, நீங்க அப்பன்லா, அது நல்லா பெத்துப் பொழைக்கணும்னு ஒரு நாளாவது உபவாசம் இருக்கப்பிடாதா" என்று பிரசங்கம் வைத்தேன். "ஒன் சோலியப் பாரு" என்றார். அவருக்குக் கை முடியாததால் நான் சட்டியைக் குழாயடியில் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று சன்னல் படியில் கவிழ்த்தேன். மூடியை இடது பக்கம் சாய்த்து வைத்தேன். என் வீட்டிலும் அப்படித்தான் வைப்பேன். கையின் பழக்கம். இரண்டு மணிக்குள் கிடங்குக்குத் திரும்ப வேண்டும், இன்னும் மூன்று வீடு பாக்கி. ஓடிவிட்டேன்.

புதன்கிழமை போனேன். சட்டி கவிழ்ந்திருந்தது. முந்தின நாள் நான்தான் கவிழ்த்தேன் என்பது சத்தியமாக அப்போது ஞாபகத்தில் இல்லை. என் பேச்சுக்கு மனுஷன் மசிந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. வாழ்நாளில் ஒரு பொழுதுகூட உபவாசம் இருக்காத பிச்சை அண்ணனை நான் ஒருத்தி வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று படியிறங்கும்போதே எனக்குப் பெருமை. வியாழனும் கவிழ்ந்திருந்தது. இரண்டு நாளாக உபவாசத்தில் இருக்கிறார் என்று, அன்று சாயங்காலம் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லக் கூடாத விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். மூப்பர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்கு ஆகாதது.

வெள்ளிக்கிழமை போனபோது மூடியைப் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்திருந்தது. இது நான் வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது மஞ்சு, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படியே நின்றேன். உள்ளே சத்தம் கேட்டது. தரையில் டொக்கு, டொக்கு என்று. கொஞ்சம் நிற்கும், மறுபடி கேட்கும். முழங்காலில் நின்று தலையைத் தரையில் முட்டி ஜெபிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையைத் தூக்கினேன். கதவைத் தட்டப் போய், உள்ளே அவர் நிஜமாகவே ஜெபத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். மூப்பர் வீட்டம்மா என்ன சொல்வார், நேற்று ஸ்தோத்திரம் சொன்னவர்களெல்லாம் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன். கையை இறக்கிவிட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே கஞ்சி ஊற்றினேன்.

சனிக்கிழமை கஞ்சி கிடையாது. கோயில் கழுவினோம். ஞாயிறு அவர் ஆராதனைக்கு வராததால்தான் மூப்பர் ஆள் அனுப்பிக் கதவை உடைத்தார்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், தலை கதவுப் பக்கம் வைத்துக் கிடந்தார். இடது கை முட்டி தோல் உரிந்திருந்தது. அடுப்புப் பக்கம் ஒரு சட்டியில், இடது கையால் அரையும் குறையுமாக உரித்த கப்பை தண்ணீரில் கிடந்து நாறியது. உபவாசம் இருக்கிறவன் கப்பை உரித்து வைப்பானா? பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்கும்போது நான் அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு சட்டிக் கப்பையை வைத்து ஒரு மனிதனையே மறைத்தேன். பிறகு போதகர் சொன்னார், மூப்பர் சொன்னார், நானும் ஆமாம் ஆமாம் என்றேன். உனக்கும் இரண்டு கடிதம் எழுதினேன்.

நீ சோறு இறங்கவில்லை என்று எழுதாமல் இருந்திருந்தால் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு சாட்சி சொல்லியிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

உன் வார்த்தை அவரை ஒன்றும் செய்யவில்லை. அதைக் கேட்டு அவர் கூட இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை சபையில் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். சாப்பிடு மோளே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், சாப்பிட்டுவிட்டுச் சொல்.

கற்பகம்


திருப்பூர்
22 ஏப்ரல் 2025

கற்பகம் அத்தைக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. சிஜு வேலைக்குப் போயிருந்தான். நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்து முடித்ததும் எனக்குப் பசித்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. சட்டியில் இருந்த சோற்றைக் கையாலேயே அள்ளித் தின்றேன். பழைய மீன் குழம்பையும் வழித்தேன். தட்டுகூட எடுக்கவில்லை. வயிறு நிறைந்த பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அப்புறம் சிஜு வரும்வரை தரையில் கிடந்தேன்.

அவர் உள்ளே இருந்து தட்டியிருக்கிறார். வெளியே ஆள் வந்தது தெரிந்து தட்டியிருக்கிறார். உங்கள் கால் சத்தம் அவருக்குத் தெரியும், எனக்கே தெரியும். நீங்கள் படியிறங்கிப் போனதும் கேட்டிருக்கும். இதை நினைக்காமல் ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லை. தெரியாமல் தட்டாதிருந்தால் எப்படியோ விட்டிருப்பேன். கையைத் தூக்கிவிட்டு இறக்கினீர்களே.

மூப்பர் ராசப்பன் அடித்தார். பெரிய வெள்ளியன்று நீங்கள் பழைய சேலையோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். அப்பா பெயர் வைப்பதை விட்டுவிட்டார்களாம். உங்களைக் கஞ்சி வேலையிலிருந்தும் திருவிருந்திலிருந்தும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஈஸ்டர் அன்று நீங்கள் வெளியே செருப்பு கிடக்கும் இடத்தில் நின்றீர்களாம். "மகளே, நீ ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொன்னா அடுத்த மாசமே சேத்துக்கிடுவோம்" என்றார். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. பொய் சொல்லி உங்களைச் சேர்த்துவிட எனக்கு இஷ்டமில்லை. சபைக்கு இதில் பங்கே இல்லாத மாதிரி அவர் பேசியதும் எனக்குப் பிடிக்கவில்லை. தட்டக் கூடாது என்று சட்டம் போட்டது யார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சோறு இறங்குகிறது. நேற்று எடை பார்த்தார்கள், குழந்தை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதை நன்றிக்காக எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், தெரிய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் உண்மையை எழுதியதால் சாப்பிடுகிறேன். அந்த உண்மையால்தான் உங்களை இனி அத்தை என்று கூப்பிட முடியாது. இந்தக் கடிதத்தோடு அது முடிந்தது.

அறையைக் காலி செய்ய மே நான்காம் தேதி வருகிறோம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை, ஆராதனை நேரம். நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். அப்பா தூக்குச்சட்டி இன்னும் சன்னல் படியில் இருந்தால் அதைத் தொட வேண்டாம், நான் எடுத்துக்கொள்கிறேன். சாவியை யாரிடமும் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். காலையில் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு, கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். நான் வந்து தட்டும்படி வைக்காதீர்கள்.

மஞ்சுஷா